வீட்டு ஸ்டீரியோவுக்கு நெட்வொர்க் மியூசிக் பிளேயர்: குறைந்த செலவில் வாங்க ஒரு வழிகாட்டி

பழைய ஆம்பிளிஃபயரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் நல்ல நிலையில் இருக்கின்றன. சிடி பிளேயர் டிஸ்க்கைப் படிக்க மறுக்கிறது, கேசட் டெக்குக்கு பெல்ட் கிடைப்பதில்லை, கேட்கிற பாட்டெல்லாம் போனுக்குள் இருக்கிறது. இப்படிப்பட்ட வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். சவுண்ட்பார் வாங்கிவிட்டு அந்த ஸ்பீக்கர்களைப் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போட வேண்டாம். சில ஆயிரம் ரூபாயில் அதே செட்டை இணையத்தோடு சேர்த்துவிடலாம்.

நான் தேடியபோது கிடைத்தவற்றில் பெரும்பகுதி வெளிநாட்டு விமர்சனங்கள். அவர்கள் பாராட்டும் வசதிகளில் பாதி இங்கே பயன்படாது. இங்கே நம்மைப் படுத்துகிற விஷயங்களை அவர்கள் பேசுவதும் இல்லை: கரண்ட் போய் வருவது, சுங்கவரி, யூடியூப் மியூசிக், நடுவில் அறுந்துபோகும் கச்சேரிப் பதிவு, கட்டம் கட்டமாகத் தெரியும் தமிழ்ப் பெயர்கள். நான் தட்டுத்தடுமாறிச் சேர்த்ததை வரிசையாக வைக்கிறேன்.

நெட்வொர்க் பிளேயர் என்பது வீட்டு வைஃபையில் சேர்ந்துகொண்டு, இணையத்திலிருந்தோ வீட்டுக் கணினியிலிருந்தோ பாட்டைத் தானே எடுத்து ஆம்பிளிஃபயருக்குக் கொடுக்கிற சின்னப் பெட்டி. போன் அதற்கு ரிமோட் மட்டும்தான். போனில் அழைப்பு வந்தாலும் பாட்டு நிற்காது, போனை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாலும் வீட்டில் பாட்டு ஓடும். புளூடூத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

வீட்டில் பிராட்பேண்ட் இல்லை, போன் ஹாட்ஸ்பாட்தான் என்றால் இப்போதைக்கு இது வேண்டாம். ஹாட்ஸ்பாட் கொடுக்கும் போனையே ரிமோட்டாகவும் வைத்தால் பல கருவிகள் தகராறு செய்யும். நல்ல புளூடூத் ரிசீவர் ஒன்று ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும், அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

1. ஆம்பிளிஃபயரின் பின்பக்கத்தைப் படம் எடுங்கள்

கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை இது. செட்டைத் திருப்பி, தூசி துடைத்து, பின்பக்கத் துளைகள் எல்லாம் தெரியும்படி போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் கேள்வி வரும்போது இந்தப் படம் பல நிமிட விளக்கத்தை மிச்சப்படுத்தும்.

சிவப்பும் வெள்ளையுமான ஆர்சிஏ துளைகளில் ஆக்ஸ், சிடி, டியூனர், டேப் பிளே, லைன் இன் என்று எழுதியிருக்கும் எதுவும் சரி. எல்லாம் ஒரே மாதிரியான இன்புட்தான். சிடி என்று எழுதிய துளையில் சிடி பிளேயரைத்தான் செருக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. இரண்டைத் தவிர்க்க வேண்டும். ரெக் அவுட் என்பது வெளியே போகும் வழி, அதில் செருகினால் சத்தமே வராது. ஃபோனோ என்பது ரெக்கார்டு பிளேயருக்கானது. அந்த இன்புட் சிக்னலைச் சுமார் 100 மடங்கு பெருக்கி, பாஸையும் கூட்டிவிடும். பிளேயரை அங்கே செருகினால் கர்ணகடூரமாகக் கத்தும், ஸ்பீக்கருக்கும் ஆபத்து.

பழைய சோனோடைன், காஸ்மிக், பிலிப்ஸ் செட்டுகளில் ஆர்சிஏ இல்லாமல் வட்டமான 5 பின் டின் சாக்கெட் இருக்கலாம். அதற்கென்று டின்னிலிருந்து ஆர்சிஏவுக்கு மாற்றும் கேபிள் உண்டு. நான்கு ஆர்சிஏ முனை உள்ள கேபிள் கிடைத்தால் அதில் ஒரு ஜோடி ரெக்கார்டிங்குக்கு, ஒரு ஜோடி பிளேபேக்குக்கு. பிளேபேக் ஜோடிதான் நமக்கு வேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் இந்த மாதிரி கேபிள்கள் கிடைக்கும். மற்ற ஊர்களில் ஆன்லைனில் தேடுவதே சுலபம். கேபிள் விஷயத்தில் சில நூறு ரூபாய்க்கு மேல் செலவழிக்காதீர்கள். ஒரு மீட்டர் நீளத்துக்கு ஆயிரக்கணக்கில் கேட்கும் கேபிளால் உங்கள் காதுக்கு ஒன்றும் மாறாது.

ஆம்பிளிஃபயரில் ஆப்டிகல் துளை, அதாவது ஒளி வழியாக டிஜிட்டல் சிக்னலை வாங்கும் துளை, இருந்தால் இன்னும் நல்லது. அப்போது பிளேயரின் உள்ளே இருக்கும் டிஏசி, அதாவது டிஜிட்டலை அனலாக் ஆக்கும் பகுதி, எவ்வளவு நல்லது என்ற கவலையே வேண்டாம். ஆம்பிளிஃபயரின் டிஏசி அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

2. எதில் கேட்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள்

பலர் இதை விட்டுவிட்டு நேராகக் கருவிகளின் பட்டியலுக்குப் போகிறார்கள். தப்பான பெட்டி வீட்டுக்கு வருவது பெரும்பாலும் இதனால்தான். வீட்டில் யார் யார் கேட்கிறார்கள், எந்தச் செயலியில், எந்தப் போனில் என்று எழுதுங்கள். அம்மாவுக்கு யூடியூப் மியூசிக், மகளுக்கு ஸ்பாட்டிஃபை, உங்களுக்கு ஹார்ட் டிஸ்க்கில் உள்ள கச்சேரிகள் என்றால் மூன்றும் வேலை செய்ய வேண்டும்.

ஸ்பாட்டிஃபைக்கு ‘ஸ்பாட்டிஃபை கனெக்ட்’, அதாவது ஸ்பாட்டிஃபை செயலியிலிருந்தே பிளேயரை இயக்கும் வசதி, வேண்டும். அநேகமாக எல்லாப் பிளேயரிலும் இது உண்டு. சிலவற்றில் பிரீமியம் சந்தா இருந்தால்தான் வேலை செய்யும்.

யூடியூப் மியூசிக், ஜியோசாவன் கேட்பவர்களுக்கு, ஆண்ட்ராய்டு போனில் ஆப்பிள் மியூசிக் கேட்பவர்களுக்கும் சேர்த்து, ‘கூகுள் காஸ்ட்’, அதாவது போன் செயலியில் தேர்ந்தெடுத்த பாட்டைப் பிளேயரில் ஓடவிடும் கூகுளின் வசதி, உள்ள பிளேயர்தான் நிம்மதி. இந்தியாவில் ஆண்ட்ராய்டு போன்தான் அதிகம், யூடியூப் மியூசிக் கேட்பவர்களும் ஏராளம். எனவே நம்மில் பெரும்பாலோர் விளம்பரத்தில் தேட வேண்டிய முதல் வார்த்தை இதுதான்.

ஐபோன் வீடு என்றால் ‘ஏர்ப்ளே 2’ வேண்டும். அது இருந்தால் போனில் ஓடும் எந்தச் செயலியின் ஒலியும் பிளேயருக்குப் போய்விடும். ஆனால் இதில் பாட்டு போன் வழியாகப் போவதால் போன் வீட்டிலேயே இருக்க வேண்டும்.

வெளிநாட்டு விமர்சனங்களில் டைடல், கோபுஸ் இரண்டும் அடிக்கடி வரும். இந்தியாவில் இந்தச் சேவைகள் அதிகாரபூர்வமாக இல்லை. ஒரு பிளேயர் அவற்றைச் சிறப்பாக இயக்குகிறது என்பதற்காகக் கூடுதல் காசு தராதீர்கள். எம்க்யூஏ என்ற ஒலிக்கோப்பு வகையின் முத்திரையும் அப்படித்தான். டைடலே 2024இல் அதைக் கைவிட்டுவிட்டது. ரூன் ரெடி என்ற முத்திரை, சந்தா கட்டி ரூன் என்ற இசை மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு மட்டும்.

3. வீட்டில் இருப்பதை வைத்து முதலில் கேட்டுப் பாருங்கள்

காசு செலவழிக்கும் முன் ஒரு வாரம் இப்படி ஓட்டிப் பாருங்கள். இதுவே போதும் என்று நின்றுவிடும் வீடுகளும் உண்டு.

ஸ்மார்ட் டிவி இருந்தால் அதன் பின்னால் ஆப்டிகல் அல்லது ஹெட்போன் அவுட் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கிருந்து ஆம்பிளிஃபயருக்கு ஒரு கேபிள் போட்டால் டிவியில் உள்ள ஸ்பாட்டிஃபை, யூடியூப் எல்லாம் பெரிய ஸ்பீக்கரில் வந்துவிடும். ஆப்டிகல் என்றால் டிவியின் ஒலி அமைப்பில் பிசிஎம் என்று மாற்றிவிடுங்கள். டால்பியில் விட்டால் ஸ்டீரியோ ஆம்பிளிஃபயர் ஊமையாக இருக்கும். பாட்டுக் கேட்க டிவியை எரியவிட வேண்டும் என்பதுதான் இதில் குறை.

பழைய ஆண்ட்ராய்டு போன் டிராயரில் கிடந்தால் அதுவும் பிளேயர்தான். ஹெட்போன் துளையிலிருந்து ஆர்சிஏ கேபிள் போடுங்கள். துளை இல்லாத போன் என்றால், டிஏசி உள்ள டைப்-சி அடாப்டர் வேண்டும். ஸ்பாட்டிஃபை கனெக்ட் வழியாக உங்கள் புதுப் போனிலிருந்தே அதை இயக்கலாம். ஒரு எச்சரிக்கை: எப்போதும் சார்ஜரிலேயே கிடக்கும் பழைய போனின் பேட்டரி உப்பிவிடும். நம் ஊர் வெயிலில் இது விளையாட்டு இல்லை. நிரந்தரத் தீர்வாக இதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

அலெக்ஸா ஸ்பீக்கர் இருப்பவர்கள் அதன் பின்னால் 3.5 மிமீ துளை உண்டா என்று பாருங்கள். எக்கோ டாட் 3ஆம், 4ஆம் தலைமுறைகளில் உண்டு, 5ஆம் தலைமுறையில் எடுத்துவிட்டார்கள். புதியதுதான் சிறந்தது என்று நினைத்து வாங்கினால் கேபிள் செருக இடமே இருக்காது. துளை உள்ள பழைய டாட் நல்ல நிலையில் கையில் இருந்தால், குறைந்த செலவில் ஸ்டீரியோவை நெட்வொர்க்கில் சேர்க்க அதைவிட எளிய வழி இல்லை.

4. இப்போது கருவியைத் தேர்ந்தெடுங்கள்

மேலே உள்ளவை போதவில்லை என்றால் மூன்று பாதைகள் இருக்கின்றன.

முதல் பாதை, வாங்கிச் செருகினால் பாடும் பெட்டிகள். இந்த விலையில் இன்று அதிகம் பேசப்படுவது லிங்க்ப்ளே நிறுவனத்தின் வீம் வரிசை. அமெரிக்காவில் வீம் மினி சுமார் 90 டாலர், வீம் ப்ரோ 149 டாலர், ப்ரோ ப்ளஸ் 219 டாலர், அல்ட்ரா 329 டாலர் என்று அறிமுகமாயின. இங்கே வரி, இறக்குமதி எல்லாம் சேர்ந்து கூடுதலாகத்தான் விற்கும்.

விலையை மட்டும் பார்த்தால் மினியை எடுக்கத் தோன்றும். ஆனால் மினியில் கூகுள் காஸ்ட் இல்லை, ஈதர்நெட் துளை இல்லை, அனலாக் வெளியீடும் 3.5 மிமீ துளை வழியாகத்தான். ஐபோனும் ஸ்பாட்டிஃபையும் உள்ள வீட்டுக்கு அது அருமையான பெட்டி. ஆண்ட்ராய்டும் யூடியூப் மியூசிக்கும் உள்ள வீட்டுக்கு அது பொருந்தாது. அந்த வீட்டுக்கு ப்ரோதான் சரி: கூகுள் காஸ்ட், ஏர்ப்ளே 2, ஈதர்நெட், ஆர்சிஏ, ஆப்டிகல், கோஆக்சியல் எல்லாம் ஒன்றாக இருக்கும். ப்ரோ ப்ளஸில் கூடுதலாகக் கிடைப்பது மேம்பட்ட டிஏசியும் ரிமோட்டும். ஆம்பிளிஃபயருக்கு ஆப்டிகலில் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் அந்த டிஏசிக்கு வேலையே இல்லை, அந்தக் காசு வீண். அல்ட்ராவில் தொடுதிரை, டிவிக்கான எச்டிஎம்ஐ, ஹார்ட் டிஸ்க் செருக யுஎஸ்பி எல்லாம் உண்டு. ஏர்ப்ளே மட்டும் இல்லை. விலை கூடினால் எல்லா வசதியும் கூடும் என்று ஐபோன்காரர்கள் நம்பிவிட வேண்டாம்.

மினியிலும் ப்ரோவிலும் உள்ள யுஎஸ்பி துளை கரண்டுக்கு மட்டும். ஹார்ட் டிஸ்க்கைச் செருகிப் பாட்டுக் கேட்க முடியாது. கடைக்காரர் முடியும் என்று சொன்னால் திரும்பக் கேளுங்கள்.

இரண்டாவது பாதை, ராஸ்பெர்ரி பை. சின்னக் கணினி பலகை ஒன்று, அதன்மேல் உட்காரும் டிஏசி பலகை ஒன்று, மெமரி கார்டு, அடாப்டர், பெட்டி. பை ஜீரோ 2 டபிள்யூ பலகையை வைத்துக் கட்டினால் எல்லாம் சேர்த்து சுமார் 5,000 முதல் 8,000 ரூபாய்க்குள் முடிக்கலாம். மென்பொருள் இலவசம்: மூடு ஆடியோ, வோலுமியோவின் அடிப்படைப் பதிப்பு, பைகோர்பிளேயர். ஒரு மாலைப்பொழுது பொறுமையாக உட்காரத் தயாராக இருக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பேரம் இல்லை.

இதில் வழுக்கும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். பை ஜீரோ 2 டபிள்யூவில் 40 பின் வரிசை பற்றவைக்கப்படாமல் வரும். சால்டரிங் தெரியாதவர்கள் பின்னோடு வரும் பதிப்பைக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் டிஏசி பலகையைச் செருகவே முடியாது. அதன் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். பை 3, பை 4 இரண்டிலும் ஹெட்போன் துளை இருக்கிறது, ஆனால் அதன் தரம் ஸ்டீரியோவுக்குப் போதாது. பை 5இல் அந்தத் துளையே கிடையாது. எந்தப் பையானாலும் டிஏசி தனியாக வேண்டும் என்று கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். போன் சார்ஜரை மாட்டாதீர்கள், பை 4க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும்.

அப்புறம் கரண்ட். பை ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மெமரி கார்டில் உள்ள தரவு கெட்டுப்போக வாய்ப்புண்டு. அடிக்கடி கரண்ட் போகும் ஊர் என்றால் பைகோர்பிளேயரைத் தேர்ந்தெடுங்கள். அது தொடங்கும்போதே முழுவதும் ராமுக்குள் ஏறிக்கொள்வதால் திடீரென்று நின்றாலும் கார்டுக்குப் பாதிப்பு குறைவு. எந்த மென்பொருளானாலும் எல்லாம் சரியாக ஓடும் நாளில் கார்டை ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.

கூகுள் காஸ்ட் பையில் அதிகாரபூர்வமாகக் கிடைக்காது. யூடியூப் மியூசிக் வீடு என்றால் முதல் பாதைக்கே திரும்புங்கள்.

மூன்றாவது பாதை, செகண்ட் ஹேண்ட். குரோம்காஸ்ட் ஆடியோ என்ற வட்டப் பெட்டியை கூகுள் 2019இல் நிறுத்திவிட்டது, ஆனால் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது. ஒரே துளையில் அனலாக்கும் ஆப்டிகலும் தரும். 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ் வரை எடுக்கும். நல்ல பெட்டிதான். 2025 மார்ச்சில் அதன் சான்றிதழ் காலாவதியாகி உலகம் முழுக்க ஒரே நேரத்தில் அவை நின்றுபோயின. கூகுள் பின்னர் சரிசெய்தது. அதேபோல இன்னொரு முறை நடந்தால் சரிசெய்வார்கள் என்று யாரும் உறுதி தர முடியாது. எனவே பெரிய விலை கொடுக்காதீர்கள், விற்பவர் முன்னால் உங்கள் போனில் செட்டப் செய்து பாட்டு ஓடிய பிறகே காசு கொடுங்கள். ஐபோன் வீட்டுக்கு ஆப்பிளின் பழைய ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ், 2012இல் வந்த இரண்டாம் தலைமுறை, நல்ல தேர்வு. மென்பொருளைப் புதுப்பித்தால் ஏர்ப்ளே 2 வந்துவிடும்.

ஒலித்தரம் பற்றி ஒரு வார்த்தை. சிடியின் தரம் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். மேலே சொன்ன பெட்டிகள் எல்லாம் இந்த அளவை எட்டிவிடுகின்றன, பல அதைத் தாண்டவும் செய்கின்றன. 192, 384 என்ற எண்களுக்காக விலை ஏற்றாதீர்கள். அந்தக் காசில் ஸ்பீக்கரின் கிழிந்த ஃபோமை மாற்றினால் கேட்கிற வித்தியாசம் எத்தனையோ மடங்கு பெரியது.

5. சொந்தச் சேமிப்பு இருப்பவர்களுக்கு

சிடிகளைக் கணினியில் ஏற்றியவர்கள், கேசட்டிலிருந்து மாற்றியவர்கள், கச்சேரிப் பதிவுகள் சேர்த்தவர்கள் இந்தப் பகுதியைத் தவறவிடாதீர்கள். ஸ்ட்ரீமிங் மட்டும் கேட்பவர்கள் அடுத்ததற்குப் போகலாம்.

இடைவெளியில்லாமல் ஓடுகிறதா என்பதுதான் முதல் சோதனை. கர்நாடக இசைச் சிடிகளில் ராகம், தானம், பல்லவி, தனி ஆவர்த்தனம் தனித்தனி டிராக்காக இருக்கும், ஆனால் மேடையில் அது ஒரே ஓட்டம். பல பிளேயர்கள் டிராக் மாறும்போது அரை வினாடி நிறுத்தும். பல்லவியிலிருந்து தனிக்குப் போகும் அந்த இடத்தில் தாளம் அறுந்தால் கேட்கவே மனம் வராது. போனிலிருந்து கூகுள் காஸ்ட் வழியாகச் சொந்தக் கோப்புகளை அனுப்பும்போது இந்தத் தொல்லை அதிகம். வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் டிஎல்என்ஏ வழியிலும் பெட்டிக்குப் பெட்டி மாறும்.

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல தீர்வு லிரியன் மியூசிக் சர்வர். முன்பு லாஜிடெக் மீடியா சர்வர் என்று இருந்தது. இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ், ராஸ்பெர்ரி பை எதிலும் ஓடும். பழைய லேப்டாப்பில் இதை நிறுவி, பாட்டு இருக்கும் ஃபோல்டரைக் காட்டிவிட்டால் பைகோர்பிளேயரும் வீம் பெட்டிகளும் அதிலிருந்து எடுத்துப் பாடும், டிராக்குகளுக்கு நடுவே இடைவெளி இருக்காது. தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் கோப்பாக ஒரு சிடி சுமார் 300, 400 எம்பி ஆகும். 500 சிடி வைத்திருந்தாலும் 200 ஜிபிக்குள் அடங்கிவிடும், எனவே புது ஹார்ட் டிஸ்க் வாங்க அவசரப்பட வேண்டாம்.

அடுத்தது பெயர்கள். சினிமா ஆல்பத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் பாடகர் வேறு. ‘ஆர்ட்டிஸ்ட்’ இடத்தில் பாடகர் பெயர் மட்டும் இருந்து ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ காலியாக இருந்தால், ஒரே படம் ஆறு ஆல்பமாகச் சிதறிவிடும். ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் இடத்தில் இசையமைப்பாளர் பெயரைப் போட்டுவிடுங்கள், எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். கச்சேரிக்குப் பாடகர் பெயரை அங்கே வைத்து, ‘கம்போசர்’ இடத்தில் வாக்கேயகாரரைப் போடலாம். தியாகராஜர் கிருதிகளை மட்டும் கேட்க வேண்டும் என்று தோன்றும் நாளில் இது பலன் தரும். விண்டோஸில் எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளில் நூறு கோப்புகளை ஒரே முறையில் மாற்றிவிடலாம்.

யூனிகோடுக்கு முந்தைய காலத்தில் டிஸ்கி, டாப் எழுத்துருக்களில் பெயரிட்ட எம்பி3 கோப்புகள் இருந்தால் புரியாத குறிகளாகத்தான் தெரியும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடுக்கு மாற்றி ஒட்டுங்கள். மாற்றிய பிறகு போன் செயலியில் தமிழ் ஒழுங்காகத் தெரியும். பிளேயரில் சின்னத் திரை இருந்தால் அதில் தமிழ் வருகிறதா என்று வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள், பலவற்றில் வெறும் கட்டங்கள்தான் வரும்.

பழைய பிளேயரை வாங்குகிறவர்களுக்கு மட்டும் இது: விண்டோஸ் கணினியில் பகிர்ந்த ஃபோல்டர் பிளேயருக்குத் தெரியவில்லை என்றால், பெரும்பாலும் பிளேயர் எஸ்எம்பி 1 என்ற பழைய முறையில் கேட்கிறது. விண்டோஸ் 10, 2017க்குப் பிறகு பாதுகாப்புக்காக அதை அடைத்துவிட்டது. திறந்துவிடச் சொல்லும் யோசனைகள் கிடைக்கும், செய்யாதீர்கள். லிரியன் போன்ற சர்வர் வழியாகக் கொடுப்பதே பாதுகாப்பு.

6. விலை, பில், சுங்கம்

இந்தியாவில் வாங்கும்போது உங்கள் பெயர், சீரியல் எண், ஜிஎஸ்டி எண் மூன்றும் உள்ள பில் கேளுங்கள். இவ்வகைக் கருவிகளுக்கு ஜிஎஸ்டி 18%. பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால், வாரண்டி என்ற வார்த்தையை மறந்துவிட வேண்டியதுதான். வாரண்டி தருவது யார், இந்திய விநியோகஸ்தரா, விற்கிற கடையா, எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். ஆன்லைன் விற்பனையாளர் ஒருவர் எனக்கு அனுப்பிய பார்சலில் வெளிப்பெட்டியில் ஒரு மாடல் பெயர், உள்ளே வேறு மாடல். பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருந்ததால்தான் மாற்றித் தந்தார்கள். பார்சலின் முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கி நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள்.

திருப்பும் விதியைக் காசு கட்டும் முன்பே படியுங்கள். மின்னணுப் பொருள்களுக்குப் பல சமயம் 7 நாளுக்குள் மாற்றித் தருவது மட்டும்தான், பணம் திரும்பாது. ஊருக்குப் போகும் வாரத்தில் ஆர்டர் போடாதீர்கள். பெட்டி பிரிக்காமல் கிடந்து அந்த 7 நாளும் ஓடிவிடும்.

வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால் கூரியர் நிறுவனம் கேஒய்சி கேட்கும். ஆதார் அல்லது பாஸ்போர்ட், பான், முகவரிச் சான்று, விற்பனையாளரின் இன்வாய்ஸ், பணம் கட்டியதற்கான ஆதாரம் எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக முன்பே வைத்திருங்கள். இந்த இடத்தில் தாமதித்தால் பார்சல் கிடங்கில் கிடக்கும். சுங்கவரியும் ஜிஎஸ்டியும் பொருளின் விலையோடு தபால் கூலியையும் சேர்த்துக் கணக்கிட்டு வரும், கூரியரின் கையாளும் கட்டணம் தனி. மலிவாகத் தெரிந்த விலை இந்திய விலையைத் தாண்டிப் போவது சகஜம். விலையைக் குறைத்து எழுதி அனுப்புகிறேன் என்று விற்பவர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள், சுங்கத்தில் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். வைஃபை உள்ள கருவி என்பதால் டபிள்யூபிசி ஒப்புதல், அதாவது வயர்லெஸ் கருவிகளுக்கான அரசு அனுமதி, பற்றியும் சுங்கத்தில் கேட்கலாம். இந்தியாவில் முறையாக விற்கப்படும் மாடலை இங்கேயே வாங்கிவிடுவது நல்லது.

உறவினர் யாராவது கொண்டுவந்தால் அடாப்டரில் 100-240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 5 வோல்ட் யுஎஸ்பியில் ஓடும் பெட்டிக்கு உள்ளூர் அடாப்டரே போதும். வாரண்டி அந்த நாட்டோடு நின்றுவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

7. வைஃபையில் சேர்ப்பது

பெட்டி வந்த அன்றே செட்டப் செய்யுங்கள். இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மென்பொருளைப் புதுப்பிக்கும்போது கரண்டை நிறுத்தக் கூடாது, எனவே மின்தடை அறிவித்த நாளில் வேண்டாம்.

போனில் புளூடூத், லொகேஷன் இரண்டையும் ஆன் செய்து, செயலி கேட்கும் அனுமதிகளைக் கொடுங்கள். விபிஎன் இருந்தால் நிறுத்துங்கள். பிளேயர் கண்ணிலேயே படவில்லை என்றால் இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம்.

அது இல்லையென்றால் ரௌட்டரைப் பாருங்கள். இணைய நிறுவனம் கொடுத்த பெட்டி ஒன்று, அதோடு நாம் வாங்கி மாட்டிய ரௌட்டர் ஒன்று என்று இரண்டு இருக்கும் வீடுகள் அதிகம். இரண்டும் தனித்தனி வைஃபை தந்தால், போன் ஒன்றிலும் பிளேயர் மற்றதிலும் இருக்கும், ஒன்றையொன்று பார்க்காது. இரண்டையும் ஒரே வைஃபையில் சேருங்கள், அல்லது இரண்டாவது ரௌட்டரை ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றுங்கள். கெஸ்ட் நெட்வொர்க்கில் எந்தப் பிளேயரையும் சேர்க்காதீர்கள், அங்கே கருவிகள் ஒன்றோடொன்று பேச முடியாதபடி அடைத்திருப்பார்கள்.

5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் நம் செங்கல் சுவர்கள் இரண்டைத் தாண்டுவதற்குள் தளர்ந்துவிடும். பாட்டுக்கு அவ்வளவு வேகம் தேவையில்லை: 320 கேபிபிஎஸ் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 144 எம்பி, சுருக்காத சிடி தரம் என்றால் 635 எம்பி. எனவே ரௌட்டர் தூரத்தில் இருந்தால் 2.4இல் நிலையாக ஓடவிடுங்கள். ஈதர்நெட் கேபிள் போட வழி இருந்தால் யோசிக்காமல் போட்டுவிடுங்கள்.

8. ஒலி அளவும் இரைச்சலும்

முதன்முதலில் ஓடவிடும்போது ஆம்பிளிஃபயரின் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, பிளேயரில் பாட்டைத் தொடங்கி, மெல்ல ஏற்றுங்கள். அதன்பின் ஒரு முடிவு எடுக்க வேண்டும். ஆம்பிளிஃபயரின் குமிழை வைத்தே ஒலியைக் கூட்டிக் குறைப்பதானால் பிளேயரை ‘ஃபிக்ஸ்டு வால்யூம்’ என்று வைத்துவிடுங்கள். போனிலிருந்தே கூட்டிக் குறைக்க வேண்டும் என்றால், பிளேயரை முழு அளவில் வைத்து, வீட்டில் தாங்கக்கூடிய அதிகபட்சச் சத்தம் வரும் இடத்தில் ஆம்பிளிஃபயரின் குமிழை நிறுத்திவிடுங்கள். குழந்தைகள் போனில் இழுத்தாலும் அதற்கு மேல் போகாது.

‘ம்ம்’ என்று அடியில் ஓர் இரைச்சல் வந்தால் பெரும்பாலும் எர்த் தகராறு. லேப்டாப்பை ஆம்பிளிஃபயரோடு இணைத்திருந்தால் அதன் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். கேபிள் டிவி பெட்டி இணைந்திருந்தால் அதன் கோஆக்சியல் வயரையும் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது நிற்கிறதோ அதுதான் காரணம். ஆப்டிகல் வழியாக இணைத்த கருவியால் இந்தத் தொல்லை வராது. எக்காரணம் கொண்டும் பிளக்கின் எர்த் பின்னை உடைக்காதீர்கள். இரைச்சலை நிறுத்த அப்படிச் செய்யச் சொல்லும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அந்த பின் உயிரைக் காப்பது.

கடைசியாக, கரண்ட் போய் வந்த பிறகு பிளேயர் காணாமல் போவது. பிளேயர் சில வினாடியில் விழித்துவிடும், ரௌட்டர் எழுந்து இணையத்தைப் பிடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் பிளேயர் தேடித் தேடி ஓய்ந்திருக்கும். ரௌட்டரையும் பிளேயரையும் இன்வெர்ட்டர் லைனில் உள்ள பிளக்குகளில் மாட்டினால் இது நிற்கும். ஆம்பிளிஃபயரை அந்த லைனில் சேர்க்க வேண்டாம். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் கரண்ட் வந்து ஐந்து நிமிடம் கழித்துப் பிளேயரின் அடாப்டரை ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். ரௌட்டரின் அமைப்பில் பிளேயருக்கு ஒரு நிலையான ஐபி முகவரியையும் ஒதுக்கிவிடுங்கள், டிஎச்சிபி ரிசர்வேஷன் என்ற பெயரில் இருக்கும். அதன்பிறகு செயலி அதைத் தேடிக்கொண்டு நிற்காது.